பூர்வகுடி எழுத்தாளர்களின் திகில் கதைகள்: புதிதாக வாசிக்க வருபவர்களுக்கு

பாழடைந்த பங்களா, பழிவாங்கும் ஆவி, கடைசி வரியில் ஒரு திடுக். திகில் கதைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கின்றனவே என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு நான் கைகாட்டும் இடம் வட அமெரிக்கப் பூர்வகுடி எழுத்தாளர்களின் சிறுகதைகள். 2023 செப்டம்பரில் ஷேன் ஹாக்கும் தியோடர் வான் ஆல்ஸ்டும் தொகுத்த ‘நெவர் விசில் அட் நைட்’ வெளிவந்தது. அதற்கு முன்பே இந்த எழுத்து வேகம் பிடித்திருந்தாலும், புதிய வாசகர்கள் நுழைவதற்கு வசதியான வாசலாக அந்தத் தொகுப்புதான் அமைந்தது.

இரவில் விசில் அடித்தால் வேண்டாதது எதுவோ தேடிக்கொண்டு வரும் என்ற நம்பிக்கை அந்தக் கண்டத்தின் பல இனங்களிடம் உண்டு. நம் வீடுகளில் பாம்பு வரும் என்பார்கள். ஆகவே தலைப்பு நமக்கு அந்நியமில்லை. உள்ளே இருக்கும் கதைகளுக்குத்தான் கொஞ்சம் தயார் ஆக வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைகளில் பேய் எது என்று தேடிக்கொண்டே போனால் பாதிக் கதைகள் கைநழுவிவிடும். இது யாருடைய இடம், இங்கே யார் யாரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். பேய் வரும்போது அது ஏன் அந்த வாசலுக்கு வந்தது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

சினிமா சொல்லிக்கொடுத்ததை ஓரம் வையுங்கள்

அமெரிக்கத் திகில் படங்களிலும் நாவல்களிலும் 1970-கள், 80-களில் ஒரு சூத்திரம் ஓடியது. வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று புது வீட்டுக்குக் குடிவரும். கதவு தானாகச் சாத்தும், குழந்தை தனியாகப் பேசும். கடைசியில் யாராவது வந்து, ‘இந்த வீடு பழைய செவ்விந்தியர் இடுகாட்டின் மேல் கட்டப்பட்டது’ என்பார்கள். அவ்வளவுதான், எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிட்டது!

இந்தச் சூத்திரத்தில் பூர்வகுடி மக்கள் ஒருவர்கூட உயிரோடு இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர்கள் மண்ணுக்கு அடியில் கோபமாகக் கிடக்கும் பிணங்கள் மட்டுமே. பரிதாபத்துக்குரியவர்கள் மேலே குடியிருப்பவர்கள். அமெரிக்க அரசு இன்று அதிகாரபூர்வமாக அங்கீகரிக்கும் பூர்வகுடி இனங்கள் 570-க்கும் மேல். கனடாவில் அறுநூறுக்கும் மேற்பட்ட முதற்குடிச் சமூகங்கள் இருக்கின்றன. இந்த எழுத்தாளர்கள் அங்கிருந்து வருகிறவர்கள். வரி கட்டுகிறார்கள், கல்லூரியில் பாடம் நடத்துகிறார்கள், லாரி ஓட்டிக்கொண்டு திகில் பட வசனத்தை ஒப்பிக்கும் பாத்திரங்களைப் படைக்கிறார்கள்.

அவர்கள் கையில் இடுகாட்டுச் சூத்திரம் தலைகீழாகிறது. கல்லறையைத் தோண்டியது யார் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. பூர்வகுடிகளின் எலும்புகளும் சடங்குப் பொருட்களும் ஆயிரக்கணக்கில் அருங்காட்சியகப் பெட்டிகளில் அடைபட்டிருந்தன. அவற்றை உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் சட்டம் அமெரிக்காவில் 1990-இல்தான் வந்தது. கொடுத்து முடிக்கும் வேலை இன்னும் நடக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு ஆம்பர் பிளேசர்-வார்ட்சாலா எழுதிய ‘கலெக்‌ஷன்ஸ்’ கதையைப் படியுங்கள். ஒரு மாணவி தன் பேராசிரியை வீட்டு விருந்துக்குப் போகிறாள். சுவரில் தலைகள் மாட்டியிருக்கின்றன. மான் தலைகள் அல்ல. மற்ற விருந்தினர்கள் அதைப் பார்த்தும் கையில் கோப்பையோடு சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 1990 சட்டம் தெரியாமல் படித்தால் விபரீதக் கற்பனை என்று தோன்றும். தெரிந்து படித்தால், எழுத்தாளர் கற்பனையே அதிகம் செய்யவில்லை என்று தோன்றும்.

செவ்விந்தியர் என்ற சொல்லையும் இங்கேயே விட்டுவிடலாம். பிளாக்ஃபீட், செரோக்கி, க்ரீ, அனிஷினாபே, டினே, இனூயிட் என்று இனத்தின் பெயரைச் சொல்லிப் பழகுங்கள். இது மரியாதைக்காக மட்டும் சொல்வதில்லை. ஆர்க்டிக் பனியில் பிறந்த பயமும் ஒக்லஹோமா சமவெளியில் பிறந்த பயமும் வேறுவேறு. பெயர் தெரிந்தால்தான் கதை எந்தக் காட்டில் நடக்கிறது என்பதே பிடிபடும்.

முதலில் எந்தக் கதை

‘நெவர் விசில் அட் நைட்’ தொகுப்பில் 26 கதைகள். முன்னுரை ஸ்டீபன் கிரகாம் ஜோன்ஸ். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரே மூச்சில் படிக்காதீர்கள். 26 பேர், 26 குரல்கள். தொடர்ந்து படித்தால் ஆறாவது கதைக்கு மேல் எல்லாம் கலங்கிவிடும். ஒரு நாளைக்கு ஒன்று போதும். எல்லாக் கதைகளும் ஒரே தரம் என்றும் சொல்ல மாட்டேன். சில கதைகள் நல்ல தொடக்கத்தோடு வந்து அவசரமாக முடிந்துவிடுகின்றன. பிடிக்காவிட்டால் தயங்காமல் அடுத்ததற்குப் போங்கள்.

தொகுப்பின் முதல் கதையான ‘குஷ்டுகா’விலேயே தொடங்கலாம். எழுதியவர் மதில்டா ஜெல்லர். இடம் அலாஸ்கா, காலம் பனிக்காலம். அந்த வட்டாரத்துப் பணக்கார வெள்ளைக்காரர் ஒருவரின் வீட்டில் விருந்து. சுவரெங்கும் பூர்வகுடிகளின் பழைய பொருட்கள் அலங்காரமாகத் தொங்குகின்றன. அங்கே வரும் இளம்பெண்ணிடம், விருந்தினர்களுக்குப் பொழுது போக உங்கள் ஊர்ப் பேய்க்கதை ஒன்று சொல்லு என்கிறார்கள். குஷ்டுகா என்பது அலாஸ்காவின் கடலோர இனங்கள் சொல்லும் நீர்நாய் மனிதன். தெரிந்தவர்களின் உருவத்திலும் குரலிலும் வந்து ஆளை இழுத்துக்கொண்டு போகும்.

இந்தக் காட்சியில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அந்த வீட்டுக்காரர் அவர்களுடைய பொருட்களை ஏற்கனவே எடுத்துக்கொண்டுவிட்டார். இப்போது கதையும் வேண்டும். சொல்பவளுக்கோ, அது பொழுதுபோக்குக்குச் சொல்லும் கதையல்ல என்று தெரியும். குஷ்டுகா வருவதற்கு முன்பே அந்த அறையில் திகில் தொடங்கிவிட்டது. இதைப் பிடித்துக்கொண்டால் தொகுப்பின் மற்ற கதைகளுக்கு பாதி வழி வந்துவிட்டீர்கள்.

இரண்டாவதாக ரெபெக்கா ரோன்ஹார்ஸின் ‘வைட் ஹில்ஸ்’. வசதியான வீட்டில் மருமகளாகப் போன ஒரு பெண், தன் உடம்பில் பூர்வகுடி ரத்தமும் கொஞ்சம் ஓடுகிறது என்று ஒரு பேச்சில் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறாள். அவள் கர்ப்பிணி. மாமியார் காதுக்கு விஷயம் போகிறது. அவ்வளவுதான் சொல்வேன். பேயே இல்லாத கதை. கூர்மையான பற்களும் நகங்களும் இல்லாமல், நல்ல உடை உடுத்திய ஒருத்தி புன்னகையோடு பேசுவதே போதுமானதாக இருக்கிறது.

மூன்றாவது, நிக் மெடினாவின் ‘குவாண்டம்’. இதற்கு மட்டும் முன்கூட்டியே ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அது கீழே.

ஒரு எச்சரிக்கை: தற்கொலை, குடிப்பழக்கம், குழந்தைகள் மீதான வன்முறை எல்லாம் இந்தக் கதைகளில் மறைப்பில்லாமல் வரும். ஆர்வமாக இருக்கிறார்களே என்று பள்ளிப் பிள்ளைகள் கையில் அப்படியே கொடுத்துவிடாதீர்கள்.

தெரிந்திருக்க வேண்டிய வரலாறு

பெரிய புத்தகம் எதுவும் படிக்க வேண்டியதில்லை. சில செய்திகள் போதும்.

ரத்தப் பின்னம். ஒருவர் இன்ன இனத்தைச் சேர்ந்தவரா என்பதை, அவர் உடம்பில் அந்த இனத்து ரத்தம் எத்தனை பங்கு என்று கணக்கிட்டு முடிவு செய்யும் முறையை அமெரிக்க அரசு கொண்டுவந்தது. பல இனங்கள் இன்றும் நான்கில் ஒரு பங்கு என்பதுபோல ஒரு வரம்பு வைத்திருக்கின்றன. செரோக்கி நேஷன் போன்றவை பின்னம் பார்ப்பதில்லை. பழைய பதிவேட்டில் முன்னோர் பெயர் இருந்தால் போதும். பின்னம் அச்சடித்த சான்றிதழை அரசுத் துறையே கொடுக்கிறது. 5/16 என்றெல்லாம் இருக்கும். சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகப் படியேறி இறங்கியவர்களுக்கு, ஒரு காகிதம் ஆளைத் தீர்மானிப்பது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இதில் கூடுதலாகக் கணக்கு வேறு. பிள்ளை பிறக்கப் பிறக்கப் பின்னம் குறையும். ஒரு தலைமுறையில் வரம்புக்குக் கீழே போய்விட்டால் இனத்தின் பட்டியலில் பெயர் இருக்காது.

‘குவாண்டம்’ கதையில் ஒரு தாய்க்கு இரண்டு மகன்கள், தந்தையர் வேறுவேறு. ஒருவனுக்கு வரம்பு எட்டுகிறது, மற்றவனுக்கு எட்டவில்லை. எட்டியவனுக்கு இனத்தின் சூதாட்ட விடுதி வருமானத்தில் பங்கு உண்டு. சில இனங்கள் அப்படித் தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டுக் கொடுக்கும் வழக்கம் உண்மையிலேயே இருக்கிறது. ஒரே வீட்டில் ஒரு குழந்தைக்கு மதிப்பு, இன்னொரு குழந்தைக்கு இல்லை. கணக்குத் தெரியாமல் படித்தால் அந்தத் தாய் வெறும் கொடுமைக்காரி. தெரிந்து படித்தால், அவள் தலைக்குள் உட்கார்ந்து கணக்குப் போடுவது யார் என்பது புரியும். என் கணிப்பில் தொகுப்பின் மிகக் கொடூரமான கதை இதுதான்.

உறைவிடப் பள்ளிகள். கனடாவில் 1,50,000-க்கும் மேற்பட்ட பூர்வகுடிக் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, பெரும்பாலும் தேவாலயங்கள் நடத்திய பள்ளிகளில் அடைக்கப்பட்டார்கள். முடியை வெட்டினார்கள், தாய்மொழி பேசினால் அடித்தார்கள். கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990-களில். 2015-இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் இதைப் பண்பாட்டு இனப்படுகொலை என்றது. 2021-இல், கம்லூப்ஸ் பள்ளி இருந்த வளாகத்தில் ஏறத்தாழ 200 இடங்களில் குறியிடாத கல்லறைகள் இருக்கலாம் என்று ரேடார் ஆய்வை வைத்து அறிவித்தார்கள். அமெரிக்காவிலும் இதே கதைதான். 1879-இல் பென்சில்வேனியாவில் தொடங்கிய கார்லைல் பள்ளி அங்கே முன்மாதிரி.

டொராண்டோ, மொன்றியல் பக்கம் இருக்கும் தமிழர்களுக்கு இது ஓரளவு தெரிந்திருக்கும். செப்டம்பர் 30 அன்று பிள்ளைகள் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போவது இதற்காகத்தான். விழாக்களில் தொடக்கத்தில், இது இன்ன பூர்வகுடிகளின் நிலம் என்று ஒப்புக்கொண்டு வாசிக்கும் நில ஒப்புகை வாசகத்தையும் கேட்டிருப்பீர்கள். இந்தக் கதைகளைப் படித்த பிறகு அந்த வாசகம் காதில் விழும் விதமே மாறிவிடும்.

கதையில் பள்ளி என்று வந்தாலே நிமிர்ந்து உட்காருங்கள். செரி டிமலைன் 2017-இல் எழுதிய ‘தி மேரோ தீவ்ஸ்’ நாவலில், சீரழிந்த எதிர்கால உலகில் மக்கள் கனவு காணும் திறனை இழந்துவிடுகிறார்கள். பூர்வகுடிகளுக்கு மட்டும் அது மிச்சமிருக்கிறது. எலும்பு மஜ்ஜையிலிருந்து கனவை எடுக்கலாம் என்று கண்டுபிடித்து அவர்களை வேட்டையாடுகிறார்கள். பிடித்துக்கொண்டு போய் அடைக்கும் கட்டடங்களுக்குப் பெயர் பள்ளி. அறிவியல் கற்பனைபோலத் தெரியும். ஆனால் ஒரு பாட்டியின் நினைவிலிருந்து நேராக எடுத்தது.

இடப்பெயர்ப்பு. 1838–39-இல் செரோக்கி மக்களைத் தென்கிழக்கிலிருந்து ஒக்லஹோமாவுக்குத் துரத்தினார்கள். வழியில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 1887-இல் வந்த டாஸ் சட்டம், பொதுவாக இருந்த இன நிலத்தைத் தனித்தனித் துண்டுகளாக்கியது. மிச்சம் என்று சொல்லப்பட்ட நிலம் குடியேறியவர்களுக்குப் போனது. ரிசர்வேஷன் என்று கதையில் வந்தால் இடஒதுக்கீட்டை நினைத்துக்கொள்ளாதீர்கள். இப்படி எஞ்சிய நிலப்பகுதியைச் சொல்கிறார்கள்.

காணாமல்போன பெண்கள். ஒரு பெண்ணைக் காணோம், போலீஸ் தேடவில்லை என்று கதை தொடங்கினால் அது கதைக்காகச் செய்த வசதி இல்லை. கனடாவில் இதற்கென்றே தேசிய விசாரணை நடத்தி 2019-இல் அறிக்கை கொடுத்தார்கள்.

பசி பிடித்த பூதம்

விண்டிகோ, வீண்டிகோ, விட்டிகோ, வீட்டகோ என்று இனத்துக்கு இனம் உச்சரிப்பு மாறும். அனிஷினாபே, க்ரீ உள்ளிட்ட வடக்கத்திய மக்களின் மரபில் வரும் பனிக்கால பூதம். இணையத்தில் படம் தேடினால் மான்கொம்பும் மண்டையோடுமாக ஓர் உருவம் வரும். அந்தக் கொம்பு பிற்காலத்தில் சினிமாவும் விளையாட்டுகளும் ஒட்டவைத்தது. பழைய மரபில் விண்டிகோ எலும்பும் தோலுமாக வற்றிப்போனது. பசியில் தன் உதட்டையே தின்றுவிட்டது.

பனிக்காலப் பஞ்சத்தில் மனிதனை மனிதன் தின்ற பயம்தான் இதன் வேர். ஆனால் அதன் உள்விதி இன்னும் பயங்கரம். தின்னத் தின்ன அதன் உடம்பும் வளரும், ஆகவே வயிறு ஒருநாளும் நிறையாது. அனிஷினாபே அறிஞர் பேசில் ஜான்ஸ்டன், இன்றைய விண்டிகோக்கள் கோட்டு சூட்டு போட்ட நிறுவனங்களாக வந்து காட்டைத் தின்கின்றன என்ற பொருளில் எழுதியிருக்கிறார். ரிச்சர்ட் வான் கேம்ப் தன் கதை ஒன்றில் கனடாவின் ஆல்பர்ட்டாவில் பெட்ரோலிய எண்ணெய் ஊறிய மணலைத் தோண்டியதன் விளைவாகவே அவற்றை எழுப்பிவிடுகிறார்.

ஆக, ஒரு கதையில் யாராவது போதும் என்று சொல்லத் தெரியாமல் நடந்துகொண்டால் அவர்மேல் ஒரு கண் வையுங்கள். வாப்கேஷிக் ரைஸின் ‘மூன் ஆஃப் த க்ரஸ்டட் ஸ்னோ’ இதைப் பார்க்க நல்ல இடம். 2018-இல் வந்த சிறிய நாவல். வடக்கே ஓர் அனிஷினாபே ஊர். பனிக்காலத் தொடக்கத்தில் மின்சாரம் போகிறது, தொலைபேசி போகிறது. தெற்கே உலகம் கவிழ்ந்துவிட்டது என்ற செய்தி மெல்ல வந்துசேர்கிறது. அப்புறம் வண்டியில் ஒரு வெள்ளைக்காரன் வந்து இறங்கி, தங்க இடம் கேட்கிறான். பெரிய உடம்பு, நல்ல பேச்சு, நிறைய துப்பாக்கி. விண்டிகோ என்று யாரும் அறிவிப்பதில்லை. ரேஷன் குறையக் குறைய, அவன் மட்டும் இளைக்காமல் இருப்பதை நீங்களே கவனிப்பீர்கள்.

அதே நாவலில் ஊரின் மூத்த பெண்மணி ஒருவர், உலகம் அழிகிறது என்று பயப்படும் இளைஞனிடம், எங்கள் உலகம் இதற்கு முன்பே பலமுறை அழிந்திருக்கிறது, நாங்கள் இன்னும் இருக்கிறோம் என்ற பொருளில் பேசுவார். பென்சிலால் அடிக்கோடு போட்டு வைக்க வேண்டிய இடம். இந்த வகை எழுத்தின் பெரும்பகுதி அந்தப் பேச்சுக்குப் பக்கத்தில் நின்றுதான் எழுதப்படுகிறது.

விளக்கம் வராத இடங்களில் பொறுமை

புதியவர்களுக்கு எரிச்சல் தரும் ஒன்று உண்டு. கதையில் ஏதோ ஓர் உருவம் வரும். அதன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். பாட்டி பேச்சை மாற்றிவிடுவாள். சடங்கு தொடங்கும் இடத்தில் பத்தி முடிந்துவிடும்.

இது பெரும்பாலும் தெரிந்தே செய்வது. டினே மக்களில் பலர் தோலுருவம் மாறும் சூனியக்காரர்களைப் பற்றி வெளியாட்களிடம் பேசவே மாட்டார்கள். பேசினால் கவனம் நம் பக்கம் திரும்பும் என்ற அச்சம். சில கதைகளைத் தரையில் பனி இருக்கும் மாதங்களில் மட்டுமே சொல்ல வேண்டும் என்ற வழக்கம் அனிஷினாபே, டினே உட்படப் பல இனங்களிடம் உண்டு. எழுத்தாளர் விட்டுவிட்ட இடைவெளியை நிரப்ப உடனே கூகுளுக்கு ஓடாதீர்கள்; அங்கே கிடைப்பது பெரும்பாலும் வெளியாட்கள் ஜோடித்த சரக்கு.

எதைச் சொல்லலாம், யார் சொல்லலாம் என்பதில் அவர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. ரோன்ஹார்ஸ் 2018-இல் எழுதிய ஒரு நாவல் டினே புனிதக் கதைகளை எடுத்துக் கையாண்டது. அவர் டினே அல்ல. டினே எழுத்தாளர்கள் கூட்டாகக் கடிதம் எழுதிக் கண்டித்தார்கள். அந்த நாவல் விருதும் வாங்கியது. நான் அந்த நாவலை விட்டுவிட்டு அவருடைய ‘வைட் ஹில்ஸ்’ போன்ற கதைகளைப் படிக்கச் சொல்வேன். நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம். ஆனால் விவாதம் இருப்பது தெரிந்து வாருங்கள்.

தொகுப்பு முடிந்ததும்

ஸ்டீபன் கிரகாம் ஜோன்ஸை இனியும் தள்ளிப்போட முடியாது. பிளாக்ஃபீட் இனத்தவர், டெக்சாஸில் வளர்ந்தவர், எழுதிக் குவிப்பவர். 2017-இல் வந்த ‘மேப்பிங் த இண்டீரியர்’ நூறு பக்கத்தைச் சுற்றிய குறுநாவல், அதில் தொடங்குங்கள். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் நள்ளிரவில் தன் வீட்டுக்குள் யாரோ நடந்து போவதைப் பார்க்கிறான். இறந்துபோன அப்பா, உயிரோடு இருந்தபோது ஒருநாளும் அணியாத நடன உடையில். அப்பா திரும்பி வருவது சந்தோஷமா ஆபத்தா என்று அந்தப் பையனால் முடிவுசெய்ய முடியவில்லை.

அடுத்து அவருடைய ‘தி ஒன்லி குட் இண்டியன்ஸ்’, 2020. ஊர்ப் பெரியவர்களுக்கென்று ஒதுக்கிய வேட்டைக் காட்டில் நான்கு இளைஞர்கள் அத்துமீறி நுழைந்து எல்க் மான் கூட்டத்தைச் சுட்டுத் தள்ளுகிறார்கள். அதில் ஒன்று சினைமான். பத்தாண்டுகள் கழித்து நால்வரில் ஒருவன் தன் வீட்டில் ஏணிமேல் நின்று விளக்கைச் சரிசெய்கிறான். கீழே மின்விசிறி சுழல்கிறது. சுழலும் இறக்கைகளின் இடைவெளி வழியே கூடத்துத் தரையில் அந்த மான் கிடப்பது தெரிகிறது. விசிறியைத் தாண்டி நேராகப் பார்த்தால் ஒன்றும் இல்லை. இந்தக் காட்சியில் ரத்தம் ஒரு துளிகூடக் கிடையாது. பின்னால் வரும் அத்தியாயங்களில் ஏராளமாக வரும். வயிறு தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவருடைய வாக்கியங்கள் முதல் முப்பது பக்கம் இடறும், பேச்சுமொழியில் வளைந்து வளைந்து போகும். விடாமல் போங்கள்.

ஆண்ட்ரியா ராஜர்ஸின் ‘மேன் மேட் மான்ஸ்டர்ஸ்’ 2022-இல் வந்தது. 1839-இல் தொடங்கி எதிர்காலம்வரை ஒரே செரோக்கிக் குடும்பத்தின் தலைமுறைகளைத் தனித்தனித் திகில் கதைகளாகச் சொல்கிறது. ஜெஃப் எட்வர்ட்ஸின் ஓவியங்களில் செரோக்கி எழுத்துகளும் உண்டு. இளையோருக்காக எழுதியது, மொழி எளிது. ஆங்கிலம் கொஞ்சம் தயக்கம் என்பவர்கள் முதல் புத்தகமாகவே இதை எடுத்துக்கொள்ளலாம்.

ஆர்க்டிக் குளிர் வேண்டுமென்றால் 2019-இல் வந்த ‘தாக்துமி’. வடக்குக் கனடாவின் நுனாவுட்டில் இனூயிட்டுகளே நடத்தும் இன்ஹாபிட் மீடியா பதிப்பகத்தின் வடக்கத்தியத் திகில் தொகுப்பு. ஏவியாக் ஜான்ஸ்டனின் பனிப்புயல் கதையை முதலில் படியுங்கள்.

ஜெசிகா ஜான்ஸின் ‘பேட் க்ரீ’யைச் சிறுகதை எழுதப் பழகுகிறவர்களுக்குச் சிறப்பாகச் சொல்வேன். முதலில் சிறுகதையாக வந்து 2020-இல் கனடாவின் ஜர்னி பரிசை வாங்கியது. பிறகு 2023-இல் நாவலாக விரிந்தது. ஒரு க்ரீப் பெண் கனவிலிருந்து விழிக்கிறாள். கையில் காக்கையின் தலை இருக்கிறது. இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எதைச் சேர்த்தார், எதைத் தொடவே இல்லை என்பது ஒரு பாடம்.

ஆஸ்திரேலியப் பக்கம் போக விரும்பினால் மைகேலா சாண்டர்ஸ் தொகுத்த ‘திஸ் ஆல் கம் பேக் நவ்’, 2022. அது தனி உலகம், இங்கே விரிக்கவில்லை.

யார் எழுதியது என்று பாருங்கள்

பூர்வகுடி என்று பொய் சொல்லிப் பிழைத்தவர்களின் வரலாறு நீளமானது. கிரே அவுல் என்ற பெயரில் எழுதிப் புகழ்பெற்றவர் இங்கிலாந்தில் பிறந்த ஆர்ச்சி பெலனி. 1938-இல் அவர் இறந்தவுடன் குட்டு வெளிப்பட்டது. செரோக்கிச் சிறுவனின் நினைவுக்குறிப்பு என்று 1976-இல் வெளிவந்து மக்கள் உருகி உருகிப் படித்த ஒரு புத்தகத்தை எழுதியவர் ஏசா கார்ட்டர், கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்புக்காரர்.

ஆகவே ஆசிரியர் குறிப்பைப் படியுங்கள். பூர்வகுடி வம்சம் என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தாமல், எந்த இனம், எந்தச் சமூகம் என்று சொல்லியிருக்கிறாரா பாருங்கள். ஆனால் பதிவில் இல்லாதவர் எல்லாம் போலி என்றும் முடிவுகட்டிவிடாதீர்கள். ரத்தப் பின்னம், தத்துக் கொடுப்பு என்று பதிவு அறுந்துபோன குடும்பங்கள் ஏராளம். பல கதைகளின் கருவே அதுதான்.

வாங்குவது, படிப்பது

கனடா, அமெரிக்காவில் இருப்பவர்கள் முதலில் பொது நூலகத்தைப் பாருங்கள். இல்லாவிட்டால் வாங்கித் தரச் சொல்லிக் கேட்கலாம். இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பவர்களுக்கு மின்நூல்தான் சுலபம். வாங்குவதற்கு முன் இலவச மாதிரிப் பக்கங்களை இறக்கிப் பாருங்கள். உங்களுக்கு ஒத்துவருமா என்பது அதிலேயே தெரிந்துவிடும். ‘நெவர் விசில் அட் நைட்’ ஒலிநூலாகவும் இருக்கிறது. இனப் பெயர்களின் உச்சரிப்பைக் காதால் கேட்க அது உதவும்.

படிக்கும்போது அகராதியில் இல்லாத சொற்கள் வரும். க்ரீ, செரோக்கி, இனுக்டிடுட் சொற்களை மொழிபெயர்க்காமலே விட்டிருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் நிறுத்தாதீர்கள். கதைமாந்தருக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாமல் இருப்பதும் அந்தக் கதையின் ஏற்பாட்டில் ஒரு பகுதிதான். கதை முடிந்த பிறகு ஆசிரியரின் இனம், ஊர், கதை நடக்கும் ஆண்டு மூன்றையும் கடைசிப் பக்கத்தில் குறித்து வையுங்கள். பிறகு அந்த ஊரில் அந்த ஆண்டு என்ன நடந்தது என்று மட்டும் தேடிப் பாருங்கள். பல கதைகளுக்கு இரண்டாவது முறை படிக்கும்போதுதான் முதல் பத்தி ஏன் அப்படித் தொடங்குகிறது என்பது விளங்கும்.

படித்ததைத் தமிழில் எழுத ஆசை வந்தால் நல்லது. இனத்தின் பெயரைச் சரியாகக் குறிப்பிடுங்கள், முடிவைப் போட்டு உடைக்காதீர்கள். திகில் கதையே எழுத நினைத்தால் விண்டிகோவைக் கொடைக்கானலுக்குக் கூட்டிவர வேண்டாம். உங்கள் ஊர் ஏரி எந்த ஆண்டு வீட்டுமனை ஆனது, பத்திரத்தில் அதற்கு முன் யார் பெயர் இருந்தது என்று விசாரியுங்கள். வில்லங்கச் சான்றிதழுக்குப் பதிவு அலுவலகத்தில் விண்ணப்பித்தால் கிடைக்கும்.